வாட்ச் காட்டும் கலோரியை நம்பலாமா? நாடியையும் மூச்சையும் வைத்து நாமே கணக்குப் போடுவது எப்படி

போன வருடம் எனக்கு நான்கு கிலோ எடை கூடியது. நடக்காமல் கூடவில்லை, தினமும் நடந்துதான் கூடியது. இங்கே கோடைக்காலமான பிப்ரவரி மாதக் காலையில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரை நடைபாதையில் 40 நிமிடம் வேகமாக நடந்து முடித்தால், கையில் கட்டியிருந்த வாட்ச் 380 கலோரி என்று காட்டும். அதை நம்பி, திரும்பும் வழியில் கால் பன்னி ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீடு சேர்வேன். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். பன்றிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முழு ரொட்டியில் கால் பங்கைக் குடைந்து உள்ளே குழம்பை ஊற்றித் தருவார்கள், அவ்வளவுதான். அந்தக் கால் ரொட்டி மட்டுமே 150 கிராமுக்கு மேல் வரும். வெள்ளை ரொட்டி 100 கிராமுக்கு ஏறக்குறைய 250 கலோரி. குழம்பும் அதில் கிடக்கும் உருளைக்கிழங்கும் தனி.

பிறகு ஒரு நாள் நோட்டை எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் அந்த 40 நிமிடத்தில் செலவழித்தது சுமார் 210. மீதி 170, வெயிலும் வாட்சின் பொதுச் சூத்திரமும் சேர்ந்து செய்த கைங்கரியம்.

அந்தக் கணக்கை எப்படிப் போட்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தேவையானவை: நொடி பார்க்க ஒரு கடிகாரம் அல்லது போன், 500 மீட்டர் சமதரை, ஒரு தாள், ஒரு 5 லிட்டர் தண்ணீர் கேன், ஒரு மீட்டர் ரப்பர் குழாய். வாட்ச் இருந்தால் நாடி பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் கணக்கை அங்கேயே விட்டுவிட்டு உதவி கேளுங்கள்.

எல்லாம் ஆக்சிஜன் கணக்குதான்

உடல் ஒரு லிட்டர் ஆக்சிஜனை எரித்தால் ஏறக்குறைய 5 கலோரி வெளிப்படும். கொழுப்பை எரிக்கும்போது 4.7, மாவுச்சத்தை எரிக்கும்போது 5-க்குச் சற்று மேல். வித்தியாசம் சின்னது, 5 என்றே வைத்துக்கொள்ளலாம். நாம் பேச்சில் கலோரி என்று சொல்வது கிலோ கலோரியைத்தான். இந்த நாட்டில் சாப்பாட்டுப் பாக்கெட்டில் எல்லாம் கிலோ ஜூல் என்று அச்சடித்திருப்பார்கள். அதை 4.2-ஆல் வகுத்தால் கலோரி வந்துவிடும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவாகும் என்பது பொதுவான கணக்கு. அதையே வேறு விதமாகச் சொன்னால், கிலோ ஒன்றுக்கு மணிக்கு ஒரு கலோரி. எனக்கு வயது 44, எடை 78 கிலோ. ஆக, சும்மா இருந்தாலே மணிக்கு 78, நிமிடத்துக்கு 1.3.

ஆய்வுக்கூடத்தில் முகமூடி மாட்டி, உள்ளே போகும் ஆக்சிஜனையும் வெளியே வரும் காற்றையும் நேரடியாக அளந்துவிடுவார்கள். நம்மிடம் முகமூடி கிடையாது. அதனால் இரண்டு சாட்சிகளை விசாரிக்கிறோம். ஒன்று நாடி, இன்னொன்று மூச்சு.

நாடி ஏன் சாட்சி சொல்ல முடிகிறது? 1870-இல் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மன் உடலியலாளர் சொன்ன கணக்கு இது: ஒரு நிமிடத்தில் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் என்பது, இதயம் எத்தனை தடவை துடிக்கிறது, ஒரு துடிப்பில் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, அந்த ரத்தத்திலிருந்து தசைகள் எவ்வளவு ஆக்சிஜனை உறிஞ்சுகின்றன, இந்த மூன்றின் பெருக்கல். நமக்குத் தெரிவது முதல் எண் மட்டும். மற்ற இரண்டும் ஆளுக்கு ஆள் மாறும். பழகிய ஓட்டக்காரரின் இதயம் ஒரே துடிப்பில் தள்ளும் ரத்தத்தை என் இதயம் தள்ளாது. அதனால்தான் இரண்டு பேருக்கும் நாடி 120 என்றால் இருவரும் ஒரே அளவு எரிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. வாட்ச் இடறி விழும் முதல் இடம் இது.

முதல் வேலை: நாடியைச் சரியாகப் பிடிப்பது

காலையில் எழுந்ததும், டீ குடிப்பதற்கு முன், ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மூன்று நாள் எண்ணிச் சராசரி எடுங்கள். எனக்கு 66.

நடக்கும்போது எண்ணுவது கஷ்டம். நின்றவுடன் 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு நிமிடம் முழுக்க எண்ணினால் அதற்குள் நாடி இறங்கிவிடும், குறைந்த எண் வரும். வாட்ச் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, சற்று இறுக்கமாகக் கட்ட வேண்டும். பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் அனுப்பி ரத்த ஓட்டத்தைப் படிக்கும் கருவி அது. தொளதொளவென்று ஆடினால் நாடிக்குப் பதில் கால் வைக்கும் தாளத்தைப் படித்துவிடும். மெதுவாக ஓடும்போது நாடி சட்டென்று 160-க்குத் தாவி அங்கேயே நின்றால் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும். மார்புப் பட்டை கட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

நாடியைப் பொறுத்தவரை வாட்ச் பொதுவாக மோசமில்லை. 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஏழு கருவிகளை 60 பேரின் கையில் கட்டிப் பார்த்தார்கள். ஏழில் ஆறு, இதயத் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லின. கலோரியில் மட்டும், இருப்பதிலேயே நல்ல கருவிகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது.

இரண்டாவது வேலை: உங்களுக்கென்று ஒரு கோடு

இதற்கு மட்டும் ஒரு காலைப் பொழுதை முழுசாக ஒதுக்குங்கள். பின்னால் வரும் எல்லாமே இந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது.

வெயில் ஏறாத, குளிர்ந்த காலை வேண்டும். டர்பனில் குளிர்காலமான ஜூன், ஜூலை அருமையான மாதங்கள். பாயிண்ட் பக்கத்திலிருந்து உம்கேனி ஆற்று முகத்துவாரம் வரை சுமார் 8 கிலோமீட்டர் நீளும் கடற்கரை நடைபாதை இதற்கென்றே போட்டது போலச் சமமாக இருக்கிறது. போனில் அளந்து, 500 மீட்டர் இடைவெளியில் இரண்டு விளக்குக் கம்பங்களைக் குறித்துக்கொண்டேன். காற்று பலமாக வீசும் நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

இப்போது வேகத்தைக் கடிகாரத்தால் கட்டுப்படுத்த வேண்டும். 500 மீட்டரை ஏழரை நிமிடத்தில் கடந்தால் மணிக்கு 4 கிலோமீட்டர். ஆறு நிமிடத்தில் கடந்தால் 5. ஐந்து நிமிடத்தில் கடந்தால் 6. ஒவ்வொரு வேகத்திலும் கடைசி ஒரு நிமிடத்து நாடியை எழுதுங்கள். முதல் மூன்று நிமிடம் நாடி ஏறிக்கொண்டே இருக்கும், நிலைக்கு வந்தபின் உள்ள எண்தான் நமக்கு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் ஓய்வு. முடிந்தவர்கள் கடைசியாக ஒரு மெதுஓட்டம்: போய்த் திரும்பி ஒரு கிலோமீட்டர், ஏழரை நிமிடத்தில். அது மணிக்கு 8. முட்டி வலி உள்ளவர்கள் ஓட வேண்டாம், நடை மூன்றும் போதும்.

அந்தந்த வேகத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் ஆகும் என்பதை அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சூத்திரம் சொல்லிவிடும். நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று பாருங்கள். நடை என்றால் 0.1-ஆல் பெருக்குங்கள், ஓட்டம் என்றால் 0.2-ஆல். அதோடு 3.5 கூட்டுங்கள். வருவது, கிலோ எடை ஒன்றுக்கு நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர். சமதரைக்கு மட்டும்தான் இது.

என் கணக்கை அப்படியே தருகிறேன். மணிக்கு 6 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 100 மீட்டர். 0.1-ஆல் பெருக்க 10, கூட 3.5, ஆக 13.5. என் எடை 78-ஆல் பெருக்க 1,053 மில்லிலிட்டர், அதாவது 1.05 லிட்டர். ஐந்தால் பெருக்க, நிமிடத்துக்கு 5.3 கலோரி. அப்போது என் நாடி 98. இதே போல 4 கிலோமீட்டர் வேகத்தில் 4.0 கலோரி, நாடி 87. 5 கிலோமீட்டரில் 4.6 கலோரி, நாடி 92. ஓட்டத்தில் 11.8 கலோரி, நாடி 152.

பள்ளிக்கூடத்தில் வரைந்தோமே, அந்தக் கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுத்துக் கீழே நாடி, பக்கவாட்டில் கலோரி என்று வைத்து நான்கு புள்ளிகளையும் குத்துங்கள். எனக்கு அவை கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் விழுந்தன. நாடி ஒன்று கூடினால் 0.12 கலோரி கூடுகிறது. எனவே என் சொந்தச் சூத்திரம்: நாடியிலிருந்து 87-ஐக் கழித்து, 0.12-ஆல் பெருக்கி, 4 கூட்டு. உங்களுக்கு வேறு எண் வரும், வர வேண்டும். ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால் மறுநாள் அதை மட்டும் மறுபடி எடுங்கள். இரண்டு மூன்று விலகினால் வாட்சையோ உங்கள் வேகத்தையோ சந்தேகப்படுங்கள்.

ஒரு கண்டிப்பான விதி. இந்தக் கோடு நடமாட்டத்துக்கு மட்டும். கோட்டை இடப்பக்கம் நீட்டி, உட்கார்ந்திருக்கும்போது உள்ள நாடிக்குக் கலோரி பார்க்கக் கூடாது. போன தைப்பூசத்தன்று கோவிலில் காவடி கிளம்பும் நேரம், மேளச் சத்தமும் அரோகராவும் சேர, நின்ற இடத்திலேயே என் நாடி 110-ஐத் தொட்டது. என் கோட்டைக் கேட்டால் நிமிடத்துக்கு 6.8 கலோரி என்று சொல்லும். நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றுகொண்டிருந்தேன். உணர்ச்சிக்கும் பயத்துக்கும் காபிக்கும் இதயம் வேகமாகத் துடிக்கும், தசை அதற்கேற்பக் கூடுதலாக எரிக்காது.

ஆயத்தமாகக் கிடைக்கும் சூத்திரம்

இத்தனை மெனக்கெடாமல் ஒரே வரியில் முடியாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று உண்டு, அதுவும் இந்த நாட்டிலேயே பிறந்தது. 2005-இல் கேப்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தவர்களும் வெளியிட்டது. உலகம் முழுக்க இணையத்தில் கிடைக்கும் கலோரிக் கணிப்பான்கள் பலவற்றின் உள்ளே ஓடுவது இதுதான்.

ஆண்களுக்கு: நாடியை 0.6309-ஆலும், எடையை 0.1988-ஆலும், வயதை 0.2017-ஆலும் பெருக்கிக் கூட்டி, அதிலிருந்து 55.0969 கழிக்க வேண்டும். பெண்களுக்கு: நாடியை 0.4472-ஆலும் வயதை 0.074-ஆலும் பெருக்கிக் கூட்டி, எடையை 0.1263-ஆல் பெருக்கிய தொகையையும் 20.4022-ஐயும் கழிக்க வேண்டும். விடை நிமிடத்துக்கு இத்தனை கிலோ ஜூல். 4.184-ஆல் வகுத்தால் கலோரி.

பெண்களின் கணக்கில் எடை கழிக்கப்படுவதைக் கவனித்தீர்களா? கனமான பெண்ணுக்குக் குறைந்த கலோரி! புள்ளிவிவரத்தில் அப்படி விழுந்திருக்கிறது. ஒரே நாடியில் எடை கூடியவர்கள் உடல்தகுதி குறைந்தவர்களாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆய்வில் இருந்தவர்கள் 115 பேர், 18 முதல் 45 வயது, எல்லோரும் தவறாமல் உடற்பயிற்சி செய்பவர்கள். எடை, வயது, நாடி, ஆணா பெண்ணா என்ற விவரங்களை மட்டும் வைத்து, ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசத்தில் சுமார் 73 சதவீதத்தை இந்தச் சூத்திரம் விளக்கியது. உடல்தகுதியையும் அளந்து சேர்த்தால் 83. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரு கூட்டத்தின் சராசரிக்கு நல்ல சூத்திரம். என்னைப் போல நாற்பதுக்கு மேல் திடீரென்று ஞானோதயம் வந்து நடக்கத் தொடங்கியவனுக்கு அது தாராளமாக அளந்து கொட்டுகிறது. நாடி 98-க்கு என் கோடு 5.3 சொல்கிறது, சூத்திரம் 7.4. பிப்ரவரியில் அதே பாதை, அதே வேகம், நாடி 112. சூத்திரம் 9.5 சொன்னது. நாற்பதால் பெருக்கிப் பாருங்கள், என் வாட்ச் காட்டிய 380 எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

இங்கே என் சொந்தக் கோடும் தப்பவில்லை. 112-க்கு அது 7.0 சொல்கிறது, வேகம் மாறவேயில்லை என்றாலும். வெக்கையிலும் புழுக்கத்திலும் உடலைக் குளிரவைக்க ரத்தம் தோல் பக்கம் திரும்புகிறது, வியர்வையில் நீர் குறைகிறது, ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. நீண்ட நடையில் வேகம் மாறாமலே நாடி மெல்ல மெல்ல ஏறுவதும் இதனால்தான். அந்த ஏற்றத்துக்கு ஏற்றபடி ஆக்சிஜன் செலவு ஏறுவதில்லை.

இரண்டாவது சாட்சி: மூச்சு

மிதமான உழைப்பில் ஒரு லிட்டர் ஆக்சிஜன் எடுக்க, மனிதர் ஏறக்குறைய 25 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறார். ஆக, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று என்று தெரிந்தால் 25-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் போதும். சுருக்கமாக, காற்றின் லிட்டரை 5-ஆல் வகுத்தால் கலோரி. வெயிலில் மூச்சு ஓரளவு கூடும், ஆனால் நாடி அளவுக்குத் துள்ளாது.

எண்ணிக்கையில் ஒரு தொல்லை இருக்கிறது. மூச்சை எண்ண ஆரம்பித்ததுமே மூச்சு மாறிவிடும். நானும் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, மூச்சை எண்ணாமல் காலடியை எண்ணும் வழிக்கு வந்தேன். ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வருவதற்குள் எத்தனை அடி வைக்கிறேன் என்று பத்து மூச்சுக்குப் பார்த்துச் சராசரி எடுக்கிறேன். 6 கிலோமீட்டர் வேகத்தில் எனக்கு ஐந்து அடி. நிமிடத்துக்கு 120 அடி வைக்கிறேன் என்று வாட்ச் சொல்கிறது. 120-ஐ ஐந்தால் வகுத்தால் 24 மூச்சு.

இனி, ஒரு மூச்சு எத்தனை லிட்டர்? இதற்குத்தான் கேன். கேனில் ஒரு பக்கம் காகித டேப் ஒட்டி, அளவுக் கோப்பையால் கால் லிட்டர் கால் லிட்டராகத் தண்ணீர் ஊற்றி ஒவ்வொரு மட்டத்துக்கும் கோடு போடுங்கள். விளிம்பு வரை நிரப்பி, வாயை உள்ளங்கையால் பொத்தி, தண்ணீர் நிறைந்த டப்பில் கவிழ்த்துப் பிடியுங்கள். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கேனின் வாய்க்குள் விரல் நீளம் மட்டும் நுழையுங்கள், ஆழமாக விட்டால் ஊதச் சிரமமாகி மூச்சு மாறிவிடும். ஒருவர் கேனைப் பிடிக்க வேண்டும், என் வீட்டில் அது மகள். நான் வாசல் படியில் ஏறி இறங்கி நாடியை நடையின்போது இருந்த 98-க்குக் கொண்டுவந்து, ஓடிவந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, மூன்று மூச்சுகளைக் குழாயில் விட்டேன். வாயைக் குழாயிலிருந்து எடுத்து இழுப்பது, குழாயில் வைத்து விடுவது. முழு பலத்தோடு ஊதக் கூடாது, இயல்பாக வெளியேறுவதை மட்டும் விட வேண்டும். கேனில் காற்று 3.45 லிட்டர் கோட்டருகே நின்றது. மூன்றால் வகுக்க 1.15.

முதல் நாள் மகள் சிரித்துக் கேனை விட்டுவிட்டாள், சமையலறை முழுக்கத் தண்ணீர். கொல்லையில் வைத்துச் செய்யுங்கள். மூன்று முறை செய்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு முறை வருவதை நம்ப முடியாது.

24 மூச்சு, ஒவ்வொன்றும் 1.15 லிட்டர். நிமிடத்துக்கு 27.6 லிட்டர் காற்று. ஐந்தால் வகுக்க 5.5 கலோரி. கோடு சொன்னது 5.3. ஒரு கேனும் ரப்பர் குழாயும் இவ்வளவு நெருங்கி வந்ததில் எனக்கே ஆச்சரியம், கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கலாம். முக்கியமானது அடுத்தது. பிப்ரவரிப் புழுக்கத்தில், அதே நடையில் நாடி 112-இல் இருந்தபோது, மூச்சுக்கு அடி எண்ணினேன். அப்போதும் கிட்டத்தட்ட ஐந்துதான்.

நாடி ஏறி மூச்சு ஏறவில்லை என்றால் அது வெயில், பதற்றம் அல்லது காபி. இரண்டும் சேர்ந்து ஏறினால்தான் நிஜமான உழைப்பு. தினசரி நடைக்கு இந்த ஒன்று போதும், கேனைப் பரணில் வைத்துவிடலாம்.

மூச்சுக்கும் எல்லை உண்டு. உழைப்பு ஒரு கட்டத்தைத் தாண்டினால் ரத்தத்தில் சேரும் அமிலத்தைச் சரிக்கட்டக் கரியமில வாயுவை வெளியே தள்ள வேண்டி, தேவைக்கு மேல் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். லிட்டருக்கு 25 என்பது 30, 35 என்று போய்விடும். அந்தக் கட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு விளையாட்டு. நின்றுகொண்டு ஆழமாக மூச்சிழுத்து, பேசும் வேகத்தில், ஒன்று, இரண்டு என்று ஒரே மூச்சில் எண்ணுங்கள். எனக்கு 32 வரை வரும். வேக நடையில் 16, 17. பத்தைத் தொட முடியாமல் திணறினால் எல்லை தாண்டியாயிற்று என்று நான் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் மூச்சுக் கணக்கு வேண்டாம், கோட்டைப் பாருங்கள். எப்போதும் ஒரே மொழியில் எண்ணுங்கள். என் மகள் இங்கிலீஷில் எண்ணி என்னை ஜெயித்துவிட்டதாகக் குதித்தாள். இருபத்தி நான்கு என்று தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அவள் இரண்டு எண் தாண்டியிருப்பாள்.

மாத்திரை, மேடு, ஜோஹன்னஸ்பர்க்

எங்களோடு நடக்கும் அக்கா ஒருவர், வயது 60, எடை 70 கிலோ. ஒரு நாள் கையை நீட்டிக் காட்டினார்.

"தம்பி, நானும் உங்க கூடத்தானே நடக்கிறேன்? உனக்கு முந்நூறு, நானூறு, எனக்கு மட்டும் 105. வாட்ச் கெட்டுப்போச்சா?"

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க அக்கா?"

"பிரஷருக்கு. அட்டெனலால்."

அந்த வகை மாத்திரை இதயத் துடிப்பை அடக்கி வைக்கும், அதற்காகத்தான் தருகிறார்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கும்போதும் அக்காவின் நாடி 80-ஐத் தாண்டவில்லை. சூத்திரம் அதற்கு நிமிடத்துக்கு 2.6 கலோரி தருகிறது. வேகத்தை வைத்துப் போடும் நடைக்கணக்கில் 4.1. நாற்பது நிமிடத்துக்கு 165-ஐ நெருங்கும். இப்படிப்பட்டவர்கள் பொதுச் சூத்திரத்தைத் தொடவே வேண்டாம். மாத்திரை சாப்பிடும் நிலையிலேயே, தினமும் அதே நேரத்தில், சொந்தக் கோடு போட்டுக்கொள்ளலாம். வாட்ச் எண் ஏற வேண்டும் என்பதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சமதரை என்பதே அபூர்வம். மேட்டில் நடைக்கணக்கோடு இன்னொன்று கூட்ட வேண்டும்: நிமிடத்துக்கான மீட்டரை 1.8-ஆலும் சரிவாலும் (100-க்கு 6 என்றால் 0.06) பெருக்கிய தொகை. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில், 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் பாதையில், கிலோ எடை ஒன்றுக்கு 11.8 மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்பது 20.8 ஆகிவிடுகிறது. முக்கால் பங்கு அதிகம். இறக்கத்தில் அது முழுசாகத் திரும்பி வராது. நாடியும் மூச்சும் மேட்டை நேர்மையாகக் காட்டுகின்றன, குறைந்தது மூன்று நிமிடமாவது நீடிக்கும் ஏற்றமாக இருந்தால்.

ஓடுபவர்களுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். சமதரையில், கிலோமீட்டருக்கு எடைக் கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய ஒரு கலோரி, வேகம் எதுவானாலும். 1921-இலிருந்து இங்கே நடக்கும் காம்ரேட்ஸ் மாரத்தானை, டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 88 கிலோமீட்டரை, என் எடையுள்ள ஒருவர் ஓடினால் 6,900 கலோரி. மேடுகளைத் தனியாகக் கணக்கிடுங்கள். நான் ரோட்டோரம் நின்று கைதட்டியதோடு சரி.

ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது இரண்டு சாட்சிகளும் சேர்ந்து காலை வாரின. ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்று அழுத்தம் குறைவு, ஒரு மூச்சில் வரும் ஆக்சிஜனும் குறைவு. அதே வேகத்துக்கு நாடியும் ஏறுகிறது, மூச்சும் ஏறுகிறது, செலவாகும் கலோரியோ கிட்டத்தட்ட அதேதான். கடற்கரையில் போட்ட கோட்டை அங்கே எடுத்துப் போகாதீர்கள். நாலு நாள் தங்கலுக்கு வேகத்தை வைத்துப் போடும் நடைக்கணக்கு போதும்.

கழிக்க மறக்கும் எண்

இதுவரை சொன்னதெல்லாம் மொத்தச் செலவு. சோபாவில் கிடந்திருந்தாலும் அந்த 40 நிமிடத்தில் எனக்கு 52 கலோரி போயிருக்கும். நடந்ததால் கிடைத்தது 212-இல் 52 போக 160. கிலோ ஜூலில் சொன்னால் 670. இப்போது கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும்போது அந்த 670-ஐத்தான் மனதில் வைத்திருக்கிறேன். கால் பன்னி மாதம் ஒரு முறை.

கோட்டை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பியுங்கள். போன வாரம் குளிர்ந்த காலையில் 6 கிலோமீட்டர் வேகத்தில் என் நாடி 98-க்குப் பதில் 94. பழைய கோடு அதற்கு 4.8 கலோரி என்கிறது. மூச்சுக்கு அடி எண்ணினேன், அதே ஐந்து. உழைப்பு குறையவில்லை, இதயம் ஒரு துடிப்பில் கூடுதலாகத் தள்ளப் பழகியிருக்கிறது. சனிக்கிழமை மறுபடி விளக்குக் கம்பங்களுக்கு நடுவே நடக்க வேண்டும். கேன்தான் இல்லை. அக்கா கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வாங்கிப் போனவர், கோடு போட்டிருப்பது அளவுக்கு வசதியாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டார்.